எத்தனை பேராக இருந்தார்கள்? யூதச் சமூகங்களின் மரபணுக் கணக்கு

கொச்சி மட்டாஞ்சேரியில் உள்ள யூதர்களின் பரதேசி ஜெபாலயத்துக்கு நான் முதன்முறை போனது ஓர் ஆடி மாதத்து மழைநாளில். 1568இல் கட்டப்பட்ட அந்தக் கூடத்தில், சீனத்திலிருந்து வந்த நீலவெள்ளை ஓடுகளின்மீது ஈரக்காலோடு நின்றுகொண்டிருந்தேன். எங்கள் கூட்டத்தை அழைத்துவந்த வழிகாட்டி, அந்தத் தெருவில் வாழ்ந்த வெள்ளை யூதர்கள்தாம் அசல் என்றும், எறணாகுளத்திலும் பறவூரிலும் சேந்தமங்கலத்திலும் இருந்த கறுப்பு யூதர்கள் கலப்பு என்றும், பலமுறை சொல்லிப் பழகிய குரலில் சொல்லி முடித்தார். அசல், கலப்பு என்ற இரண்டு சொற்களும் ஊர் திரும்பிய பிறகும் என்னை விடவில்லை.

அதே இடத்தில் போற்றப்படும் செப்பேடுகள் அந்தச் சொற்களை ஆதரிப்பதாகத் தெரியவில்லை. கி.பி. 1000ஐ ஒட்டி, சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் முயிரிக்கோட்டில், அதாவது இன்றைய கொடுங்ஙல்லூரில், இருந்தபோது யோசேப்பு ரப்பான் என்ற யூத வணிகத் தலைவனுக்கு அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவையும் 72 உரிமைகளையும் அளித்தான் என்பது செய்தி. வட்டெழுத்தில், தமிழ் படித்தவர் சற்று முயன்றால் பொருள் கொள்ளக்கூடிய மொழியில், பகல்விளக்கு, பாவாடை, பல்லக்கு, குடை, வடுகப்பறை, காளம், தோரணம் என்று உரிமைகள் அடுக்கப்படுகின்றன. என்னை நிறுத்திவைத்தது உரிமைப் பட்டியல் அன்று. அது யார் யாருக்குச் சேரும் என்று சொல்லும் வரி. ரப்பானின் ஆண்மக்களுக்கும், பெண்மக்களுக்கும், மருமக்களுக்கும், பெண்மக்களை மணந்தவர்களுக்கும் வழிவழியாகச் சேரும் என்கிறது அது. மகளை மணந்து வருபவன் எங்கிருந்து வந்தான் என்று செப்பேடு கேட்கவில்லை. பின்னாளில் வெள்ளையரும் கறுப்பரும் தாங்களே ரப்பானின் வாரிசுகள் என்று நூற்றாண்டுக் கணக்கில் வழக்காடினார்கள். (சாலமோனின் கப்பல்கள் கொண்டுபோன மயிலின் எபிரேயப் பெயர் நம்முடைய ‘தோகை’தானா என்ற விவாதத்தை இங்கே தொடப்போவதில்லை; அதில் இறங்கினால் கரையேற ஒரு வாரம் ஆகும்.)

நான் மரபியல் அறிஞன் அல்லன். கல்லூரியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவன். வழிகாட்டியின் அந்த இரண்டு சொற்களை மனத்தில் வைத்துக்கொண்டு, யூதச் சமூகங்களின் மரபணு உறவுகள் பற்றிய ஆய்வுகளைச் சில ஆண்டுகளாகத் தேடித்தேடிப் படித்துவருகிறேன். இவர்கள் எங்கிருந்து வந்தவர்கள் என்ற கேள்வியோடுதான் ஒவ்வொரு ஆய்வையும் திறந்தேன். அதற்கு அரைகுறையான, சர்ச்சைக்குரிய விடைகளே கிடைத்தன. ஆனால் நான் கேட்காத வேறொரு கேள்விக்கு, அதாவது ஒரு கட்டத்தில் இவர்கள் எத்தனை பேராக இருந்தார்கள் என்பதற்கு, ஏறக்குறைய எல்லா ஆய்வுகளும் தெளிவான விடை வைத்திருந்தன.

யூத மதச் சட்டம் மரபியலாளருக்கு ஓர் அரிய வசதியைச் செய்து கொடுத்திருக்கிறது. ஒருவர் யூதரா என்பது தாய்வழியே தீர்மானிக்கப்படுகிறது. அவர் மோசேயின் அண்ணன் ஆரோனின் வழியில் வந்த ஆசாரியரா, ஆலய ஊழியம் செய்த லேவி குலத்தில் வந்த லேவியரா என்பது தந்தைவழியே வருகிறது. நம் உடலிலும் இப்படி இரண்டு தனிவழிகள் உண்டு. ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும். மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ தாயிடமிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் போனாலும், அடுத்த தலைமுறைக்கு அதை மகள்தான் கொண்டுபோக முடியும். சட்டம் வகுத்த இரண்டு கோடுகளும் உயிரணுவுக்குள் இருக்கும் இரண்டு கோடுகளும் இப்படிப் பொருந்திப்போகும் சமூகங்கள் உலகில் அதிகம் இல்லை.

தந்தைவழிக் கோட்டைச் சோதிக்கலாம் என்ற எண்ணம் கார்ல் ஸ்கொரெக்கி என்ற சிறுநீரக மருத்துவருக்கு ஜெபாலயத்தில் அமர்ந்திருந்தபோது வந்தது. யூத வேதமான தோராவின் வாசிப்பின்போது முதலில் அழைக்கப்படும் உரிமை கோஹென் எனப்படும் ஆசாரிய வழியினருக்கு உண்டு. அன்று எழுந்து சென்றவர் வட ஆப்பிரிக்கப் பின்னணி கொண்டவர். ஸ்கொரெக்கியும் கோஹென்தான்; ஆனால் அவர் கிழக்கு ஐரோப்பிய அஷ்கெனாசி வழியினர். இருவருடைய தோற்றத்திலும் ஒற்றுமை எதுவும் இல்லை. இருவரும் ஆரோனின் மக்கள் என்பது உண்மையானால், இருவருடைய ஒய் குரோமோசோமும் ஒத்திருக்க வேண்டும் அல்லவா என்று அவர் யோசித்தார். அரிசோனாப் பல்கலைக்கழக மரபியலாளர் மைக்கேல் ஹாமருடன் சேர்ந்து செய்த ஆய்வு 1997இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. அடுத்த ஆண்டு வந்த தொடர் ஆய்வில், ஒய் குரோமோசோமில் ஆளுக்கு ஆள் வேறுபடும் ஆறு குறியிடங்களைக் கொண்டு பார்த்தபோது அஷ்கெனாசி ஆசாரியர்களில் சுமார் 45 விழுக்காட்டினரும், ஸ்பெயின் வழிவந்த செபார்டி ஆசாரியர்களில் சுமார் 56 விழுக்காட்டினரும் ஒரே வடிவத்தைக் கொண்டிருந்தார்கள். சாதாரண யூத ஆண்களிடம் அது மிகக் குறைவு. பொது மூதாதை வாழ்ந்த காலம் 2,100 முதல் 3,250 ஆண்டுகளுக்கு முன் என்று கணக்கிடப்பட்டது. பத்திரிகைகள் ஆரோனைக் கண்டுபிடித்துவிட்டதாகவே எழுதின.

அவசரப்பட்ட எழுத்து அது. ஆறு குறியிடம் என்பது பெருவிரல் ரேகையில் பாதி தேய்ந்துபோன ஒன்றைப் போன்றது. அதே ஆறு எண்கள் யூதரல்லாத எத்தனையோ மத்தியக் கிழக்கு ஆண்களிடமும், வேறு இடங்களிலும் தென்பட்டன. தெற்கு ஆப்பிரிக்காவின் லெம்பா மக்களில் புபா குலத்தாரிடம் அந்த வடிவம் அதிகமாக இருப்பதாக 2000இல் ஓர் ஆய்வு வந்தபோது, தாங்கள் யூத வழியினர் என்ற அவர்களுடைய வாய்மொழி மரபு உறுதிப்பட்டதாக உலகமெங்கும் செய்தி பரவியது. 2013இல் இன்னும் நுட்பமான குறியிடங்களைக் கொண்டு பார்த்தவர்கள், மத்தியக் கிழக்குத் தந்தைவழி ஒன்று அவர்களிடம் உண்டு, ஆனால் அது குறிப்பாக யூத வழிதான் என்று சொல்ல இயலாது என்று ஒதுங்கிக்கொண்டார்கள். இரண்டாவது செய்தி முதலாவதன் வேகத்தில் பரவவில்லை.

2009இல் ஹாமர் குழுவினரே குறியிடங்களைப் பெருக்கி மீண்டும் பார்த்தார்கள். ஆசாரியர்களில் 46 விழுக்காட்டினர் ஜே-பி58 என்ற ஒரே தந்தைவழிக் கிளையில் வந்தார்கள். அதற்குள் ஆசாரியர்களுக்கே உரிய நீண்ட வடிவத்தின் வயது 3,190 ஆண்டுகள், 1,090 ஆண்டு முன்பின்னாக இருக்கலாம் என்றார்கள். மீதிப் பாதிப் பேர் பல்வேறு வேறு கிளைகளில் சிதறிக் கிடந்தார்கள். ஆகவே, உலகெங்கும் பரந்துகிடக்கும் ஆசாரியர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் மிகப் பழைய ஒரே தந்தையிடம் போய்ச் சேர்கிறார்கள் என்பது உண்மை. மறுபாதி அப்படிச் சேரவில்லை என்பதும் அதே அளவு உண்மை. எழுதுபவரின் நம்பிக்கைக்கு ஏற்ப ஒரு பாதி மட்டும் மேற்கோளாவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். என்னைக் கேட்டால், எழுத்துப்பூர்வமான பதிவேடு எதுவும் இல்லாமல், தந்தை சொன்னார் என்ற ஒரே ஆதாரத்தில் நூறு தலைமுறையளவு ஓடிவந்த ஓர் உரிமைக்குப் பாதி தேறியதே பெரிய வியப்பு. லேவியர்களிடம் கதை வேறு: அஷ்கெனாசி லேவியர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஆர்1ஏ என்ற கிளையில் வருகிறார்கள். கிழக்கு ஐரோப்பாவில் மிகுந்திருக்கும் கிளை என்பதால் முதலில் அங்கே நுழைந்த ஒருவரின் வழியாகக் கருதப்பட்டது. 2013இல் அதன் உட்கிளையைப் பிரித்துப் பார்த்தபோது, அது மத்தியக் கிழக்கின் கிளை என்று தெரியவந்தது. எங்கிருந்து என்ற விடை பத்தாண்டில் கண்டம் மாறிவிட்டது. ஒரே ஆணிடமிருந்து பெருகியது என்ற விடை மாறவில்லை.

தாய்வழிக்கு வருவோம். 2002இல் லண்டன் ஆய்வாளர்கள், ஒன்றிலிருந்து ஒன்று வெகுதொலைவில் வாழ்ந்த யூதச் சமூகங்களின் மைட்டோகாண்ட்ரியாவை ஒப்பிட்டார்கள். ஒவ்வொரு சமூகமும் தனித்தனியே, மிகச் சில பெண்களிடமிருந்து தொடங்கியிருந்தது. அந்தப் பெண்கள் சமூகத்துக்குச் சமூகம் வேறுபட்டவர்கள். தந்தைவழியில் ஒன்றுக்கொன்று நெருங்கிய சமூகங்கள் தாய்வழியில் விலகி நின்றன. 2006இல் டொரோன் பெஹார் குழு அஷ்கெனாசிகளை மட்டும் எடுத்துக்கொண்டு, அவர்களில் 40 விழுக்காட்டினர், அதாவது அன்றைய கணக்கில் சுமார் 35 லட்சம் பேர், வெறும் நான்கு பெண்களின் தாய்வழியில் வருபவர்கள் என்று காட்டியது.

நான்கு பெண்கள். அவர்கள் ஒரே ஊரில் வாழ்ந்திருக்க வேண்டியதில்லை, ஒரே நூற்றாண்டிலும் வாழ்ந்திருக்க வேண்டியதில்லை. அவர்கள் காலத்தில் வேறு பெண்களும் இருந்தார்கள். மகள் பிறக்காமலோ, பிறந்த மகள் பிழைக்காமலோ, அவர்களுடைய வழி அடைபட்டுப்போயிற்று. ஆள் குறைந்த சமூகத்தில் இந்தத் தற்செயல் வெகு வேகமாக வேலை செய்யும்.

அந்த நால்வரும் எந்த ஊரார் என்பதில்தான் சண்டை. மத்தியக் கிழக்குப் பெண்கள் என்றது பெஹார் குழு. 2013இல் இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டு பல்கலைக்கழகத்தின் மார்ட்டின் ரிச்சர்ட்ஸ் குழு, முழு மைட்டோகாண்ட்ரியாக்களை ஒப்பிட்டு, அந்த நான்கு உட்பட அஷ்கெனாசித் தாய்வழிகளில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை ஐரோப்பிய வேருடையவை, பெண்கள் மதம் மாறி மணந்து வந்திருக்க வேண்டும் என்றது. பெஹார் தரப்பு அதை ஏற்கவில்லை. ஒப்பிடுவதற்குப் பழங்கால மாதிரிகள் போதாத இடத்தில், இன்றைய மக்களைக் கொண்டு இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய ஒரு பெண்ணின் முகவரியைத் தேடும் வேலை இது. எனக்கு ரிச்சர்ட்ஸ் தரப்பின் வாதம் ஒரு படி வலுவாகத் தோன்றுகிறது. ஆனால் பந்தயம் கட்டமாட்டேன்.

இந்தச் சண்டையின் நிழல் எங்கே விழுந்தது என்பது சுவையானது. முன்னாள் சோவியத் நாடுகளிலிருந்து இஸ்ரேலுக்கு வந்து, யூதர் என்று நிரூபிக்க ஆவணம் இல்லாமல் திணறியவர்கள் சிலரிடம், ரபிகள் எனப்படும் யூத மதகுருக்களின் நீதிமன்றங்கள் மரபணுப் பரிசோதனை கேட்ட செய்தி 2019இல் பெரும் சர்ச்சையாயிற்று. அந்த நான்கு தாய்வழிகளில் ஒன்று உடலில் இருந்தால் யூதத் தாய்க்குப் பிறந்தவர் என்று ஏற்கலாம் என்பது அதன் பின்னிருந்த தர்க்கம். ரிச்சர்ட்ஸ் சொல்வது சரியானால், பிறப்பால் யூதர் என்பதற்குச் சான்றாகக் கொள்ளப்படும் அந்த மூதாட்டியே மதம் மாறி வந்தவள். சட்டப்படி அதில் முரண் இல்லை, முறைப்படி மாறியவள் முழு யூதப் பெண்ணே. ஆனால் சோதனைக்குழாயை நம்பியவர்கள் இதை எதிர்பார்த்திருக்கமாட்டார்கள்.

2010இல், சில நாள் இடைவெளியில், முழு மரபணுத்தொகுதியைப் பார்த்த இரண்டு பெரிய ஆய்வுகள் வந்தன. கில் ஆட்ஸ்மோன், ஹேரி ஆஸ்ட்ரெர் குழு ஈரான், ஈராக், சிரியா, இத்தாலி, துருக்கி, கிரேக்கம் ஆகிய நாடுகளின் யூதர்களையும் அஷ்கெனாசிகளையும் பார்த்தது. பெஹார் குழு 14 யூதச் சமூகங்களை 69 யூதரல்லாத மக்களோடு ஒப்பிட்டது. பெரும்பாலான யூதச் சமூகங்கள் ஒன்றுக்கொன்று நெருக்கமாகவும், மத்தியக் கிழக்கு மக்களுக்கு அருகிலும் அமைந்தன. கூடவே, வாழ்ந்த நாட்டின் கலப்பும் ஒவ்வொன்றிலும் வேறுவேறு அளவில் தெரிந்தது. ஐரோப்பிய யூதர்களிடம் அந்தக் கலப்பு கணிசமானது. அதில் பெரும்பகுதி தென் ஐரோப்பாவிலிருந்து வந்தது என்று பின்வந்த ஆய்வுகள் சொல்கின்றன. எத்தியோப்பிய யூதர்களான பீட்டா இஸ்ரேலியர் அந்நாட்டு மக்களோடும், கொங்கணக் கரை யூதர்களான பெனே இஸ்ரேலியரும் கொச்சி யூதர்களும் இந்திய மக்களோடும் சேர்ந்து நின்றார்கள். காஸ்பியன் கரையில் மதம் மாறிய கசார் துருக்கியரே அஷ்கெனாசிகள் ஆனார்கள் என்ற பழைய கொள்கையை ஒருவர் 2013இல் உயிர்ப்பிக்க முயன்றார். கசார்களின் டிஎன்ஏ கையில் இல்லாததால் அவர் ஆர்மீனியரையும் ஜார்ஜியரையும் அவர்களுக்கு ஈடாக வைத்தார். அதே ஆண்டில் 106 மக்கள்தொகுதிகளின் மாதிரிகளோடு வந்த மறுப்பு அதற்கு ஆதாரம் இல்லை என்று காட்டியது. இணையத்தில் இன்னும் அந்தக் கதை செழித்திருப்பதற்கு அரசியலே காரணம், அறிவியல் அன்று.

இதுவரை சொன்னவை எல்லாம் இன்று உயிரோடிருப்பவர்களின் எச்சிலிலிருந்தும் இரத்தத்திலிருந்தும் பின்னோக்கி ஊகித்தவை. இறந்தவர்களையே கேட்கும் வாய்ப்பு ஜெர்மனியின் ஏர்ஃபூர்ட் நகரத்தில் கிடைத்தது. அங்கே இடைக்கால யூதர் இடுகாட்டின்மீது, யூதர்கள் 15ஆம் நூற்றாண்டில் வெளியேற்றப்பட்ட பிறகு, ஒரு தானியக் களஞ்சியம் எழுந்தது. 2013இல் அந்தக் களஞ்சியத்தை வாகன நிறுத்தமாக மாற்றும் வேலையின்போது 47 கல்லறைகள் தோண்டி எடுக்கப்பட்டன. இறந்தவரைக் கலைப்பது யூத மரபில் பெரும் பிழை; உள்ளூர் யூதச் சமூகத்தோடு பேசி, எலும்பைத் தொடாமல், கழன்று கிடந்த பற்களை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்ற இசைவு பெறப்பட்டது. அந்தப் பற்களிலிருந்து 33 பேரின் மரபணுத்தொகுதி படிக்கப்பட்டு 2022இல் வெளியானது.

ஏர்ஃபூர்ட் யூதர்கள் 1349இல் பெரும் படுகொலைக்கு ஆளானவர்கள். சில ஆண்டுகளில் வேறு ஊர்களிலிருந்து வந்தவர்களோடு அந்தச் சமூகம் மீண்டும் உருவானது. 33 பேரும் மரபணுவில் இரண்டு கூட்டமாகப் பிரிந்தார்கள். ஒன்று மத்தியக் கிழக்கை நோக்கிச் சாய்ந்தது. மற்றொன்றில் கிழக்கு ஐரோப்பியச் சாயல் கூடுதல். ஒரே ஊரில், ஒரே இடுகாட்டில், அருகருகே புதைக்கப்பட்டவர்கள் இவர்கள். இன்றைய அஷ்கெனாசிகளிடம் இந்தப் பிரிவு இல்லை. இரண்டும் பிற்காலத்தில் ஒன்றாகக் கரைந்துவிட்டன. அன்றைய ஏர்ஃபூர்ட் இன்றைய அஷ்கெனாசி உலகத்தைவிடப் பலவகைப்பட்டதாக இருந்திருக்கிறது. இன்னொரு பக்கம், அந்த 33 பேரில் மூன்றில் ஒரு பங்கினர், மேலே சொன்ன நான்கு தாய்வழிகளில் ஒன்றைச் சேர்ந்தவர்கள். மிகச் சிலரிடமிருந்து மட்டும் பெருகும் அளவுக்கு அந்தச் சமூகம் அப்போதே குறுகி முடிந்திருந்தது. இன்று அஷ்கெனாசிகளோடு சேர்த்துப் பேசப்படும் மரபுநோய் மாற்றங்களில் சிலவும் அந்தப் பற்களிலேயே இருந்தன.

இங்கிலாந்தின் நாரிச் நகரில் கிடைத்தது இதைவிட முந்தையது, இதைவிடக் கொடியது. 2004இல் ஒரு வணிக வளாகத்துக்காகத் தோண்டியபோது, பழைய கிணறு ஒன்றில் குறைந்தது 17 பேரின் எலும்புகள் வெளிப்பட்டன. அவற்றில் 11 பேர் குழந்தைகள். 2022இல் அவர்களில் ஆறு பேரின் மரபணு படிக்கப்பட்டது. மூவர் உடன்பிறந்த சகோதரிகள். ஒரு சிறுவனுக்கு நீலக்கண்ணும் செம்பட்டை முடியும் இருந்திருக்க வேண்டும். அவர்கள் இன்றைய அஷ்கெனாசிகளை ஒத்திருந்தார்கள். கரிமக் காலக்கணிப்பு 1161க்கும் 1216க்கும் இடைப்பட்ட காலத்தைக் காட்டியது. 1190 பிப்ரவரியில் நாரிச் யூதர்கள் கொல்லப்பட்டதை அக்காலக் குறிப்பொன்று பதிவு செய்திருக்கிறது. நோய் மாற்றங்கள் இவர்களிடமும் இருந்தன. ஆகவே சமூகம் குறுகியது 12ஆம் நூற்றாண்டுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். அந்த எலும்புகள் 2013இல் யூத முறைப்படி அடக்கம் செய்யப்பட்டன. முடிவு வந்தபோது அவை மீண்டும் மண்ணுக்குள் போய் ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

எவ்வளவு குறுகியது? 2014இல் ஷாய் கர்மி முதலானோர் 128 அஷ்கெனாசிகளின் முழு மரபணுத்தொகுதியைப் படித்து, 25 முதல் 32 தலைமுறைகளுக்கு முன், அதாவது ஏறத்தாழ 600 முதல் 800 ஆண்டுகளுக்கு முன், இந்தச் சமூகம் சுமார் 350 பேர் அளவுக்குச் சுருங்கியிருந்தது என்று கணித்தார்கள். தலை எண்ணினால் அவ்வளவுதான் இருந்தார்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. பின்வந்தோரின் மரபணுவில் பங்களித்தவர்களின் செயல்படு எண்ணிக்கை அது. என்றாலும் ஒரு திருமண மண்டபத்தில் பந்தி போட்டு உட்காரவைத்துவிடக்கூடிய எண். இன்று உலகிலிருக்கும் ஒரு கோடியளவு அஷ்கெனாசிகளில் முன்பின் அறியாத எந்த இருவரை எடுத்தாலும், நான்காம் ஐந்தாம் தலைமுறைப் பங்காளிகள் அளவுக்கு டிஎன்ஏ ஒத்திருப்பதற்கு இதுவே காரணம். வணிக நிறுவனங்களில் எச்சில் அனுப்பிப் பரிசோதித்துக்கொள்ளும் அஷ்கெனாசிகளுக்கு ஆயிரக்கணக்கில் ‘உறவினர்’ பட்டியல் வந்து குவிவதும் இதனால்தான்.

இந்தக் கணக்கின் விலையைக் குழந்தைகள் கொடுத்தார்கள். டே-சாக்ஸ் நோயில், பிறந்து சில மாதம் நன்றாக வளரும் குழந்தை மெல்ல மெல்லப் பார்வையையும் அசைவையும் இழந்து சில ஆண்டுகளில் இறந்துபோகும். பெற்றோர் இருவரும் அந்த மாற்றத்தைச் சுமந்தால்தான் நோய் வரும். அஷ்கெனாசிகளில் சுமார் 30 பேருக்கு ஒருவர் அதைச் சுமக்கிறார். அமெரிக்காவின் பால்டிமோர், வாஷிங்டன் பகுதிகளில் 1971இல் தொடங்கிய இரத்தப் பரிசோதனை இயக்கம், ஒரு சமூகம் தானாக முன்வந்து மரபுநோயைச் சலித்தெடுத்த முதல் முயற்சிகளில் ஒன்று. தன் குழந்தைகளில் நால்வரை இந்நோய்க்குப் பறிகொடுத்த ரபி ஜோசப் எக்ஸ்டைன் 1983இல் தொடங்கிய தோர் யெஷோரிம் அமைப்பு, பெற்றோர் பார்த்து மணம் முடிக்கும் வைதிக யூதர்களுக்காக ஒரு நுட்பமான ஏற்பாட்டைச் செய்தது. பரிசோதித்துக்கொண்டவருக்கு ஓர் எண் மட்டும் தரப்படும். தான் நோயைச் சுமக்கிறோமா என்பது அவருக்கும் சொல்லப்படாது. வரன் பேசும்போது இரு வீட்டாரும் இரண்டு எண்களையும் கொடுத்துக் கேட்டால், இந்தப் பொருத்தம் கூடுமா கூடாதா என்ற விடை மட்டும் வரும். நம் ஊரில் ஜாதகக் கட்டை எடுத்துக்கொண்டு அலைபவர்களுக்கு இந்த ஏற்பாட்டை நான் சொல்லாமல் விட்டதில்லை.

மார்பகப் புற்றுக்கான பிஆர்சிஏ மரபணுக்களிலும் இதே கதை: மூன்று குறிப்பிட்ட மாற்றங்களில் ஒன்றை அஷ்கெனாசிகளில் 40 பேருக்கு ஒருவர் சுமக்கிறார். அவற்றில் ‘185டெல்ஏஜி’ எனப்படுவது ஈராக் யூதர்களிடமும் உண்டு. ஆகவே அது இரு சமூகங்களும் பிரிவதற்கு முந்திய பழைய சொத்து. அதே மாற்றம் தென்னிந்தியப் பெண்களிடம் அடிக்கடி தென்படுவதாக 2009இல் ஓர் ஆய்வு வந்தது. கேட்டவுடன் கொச்சியையும் முசிறியையும் நினைத்துக் கதை கட்டத் தோன்றும், எனக்கும் தோன்றியது. ஆனால் ஓர் இந்தியக் குடும்பத்தில் அந்த மாற்றத்தைச் சுற்றியிருந்த டிஎன்ஏ பகுதியை ஆராய்ந்தவர்கள், அது யூதர்களிடமிருந்து வந்தது அன்று, தனியே தோன்றியது என்று ஏற்கெனவே கண்டிருந்தார்கள். ஒரே எழுத்துப்பிழையை இரண்டு பேர் தனித்தனியே செய்யலாம்.

இப்போது கொங்கணக் கரைக்கு வரலாம். பெனே இஸ்ரேலியரின் மரபுக்கதை ஓர் எண்ணோடுதான் தொடங்குகிறது: நவகாவ் அருகே கப்பல் உடைந்து, ஏழு ஆண்களும் ஏழு பெண்களும் மட்டும் கரையேறினார்கள். செக்காட்டி எண்ணெய் எடுத்துப் பிழைத்த அவர்களை, ஓய்வுநாளில் செக்கை நிறுத்திவிடுவதால், அக்கம்பக்கத்தார் ‘சனிவார் தேலி’, சனிக்கிழமை வாணியர், என்று அழைத்தார்கள். விருத்தசேதனமும் ஓய்வுநாளும் ஒரு சில மந்திரங்களும் தவிர வேறு எதுவும் கையில் எஞ்சாத சமூகம் அது. இஸ்ரேலுக்குக் குடியேறிய பிறகு, 1960களின் தொடக்கத்தில், அவர்களை மணப்பவர்கள் வம்சாவளியை விசாரிக்க வேண்டும் என்று தலைமை ரபிகள் ஆணையிட்டார்கள். பெனே இஸ்ரேலியர் போராட்டத்தில் இறங்கினார்கள். 1964இல் அவர்கள் எல்லா வகையிலும் யூதர்களே என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. மரபணு விடை அரை நூற்றாண்டு கழித்து, 2016இல் வந்தது. அவர்களிடம் யூத வழியும் இந்திய வழியும் இரண்டுமே கணிசமாக உண்டு. கலப்பு 19 முதல் 33 தலைமுறைகளுக்கு முன் நடந்தது. பெரும்பாலும் யூத ஆண்களும் உள்ளூர்ப் பெண்களும். ஆக, ஏழு ஆண்கள் என்ற பாதிக்கதை பொருந்திப்போகிறது. ஏழு பெண்கள் கப்பலில் வந்தவர்கள் அல்லர், கரையில் இருந்தவர்கள். போராடியவர்கள் இந்த ஆய்வுக்காகக் காத்திருக்கவில்லை என்பதை நினைக்கும்போது எனக்கு நிம்மதியாகவே இருக்கிறது.

கொச்சி யூதர்கள் பற்றிய ஆய்வும் அதே 2016இல் வந்தது. அவர்களிடமும் இந்திய வழியும் யூத வழியும் கலந்தே உள்ளன. யூத வழியில் ஒரு பெரும் வரவு 13 முதல் 22 தலைமுறைகளுக்கு முன், ஏறத்தாழ 470 முதல் 730 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது. ஏமன், செபார்டி, மத்தியக் கிழக்கு யூதர்கள் அதில் பங்களித்திருக்கிறார்கள். ரப்பான் செப்பேடு பெற்றது அதற்கெல்லாம் முன்பு. வாசல் ஒருமுறை திறந்து மூடப்படவில்லை. கப்பல் வரும்போதெல்லாம் திறந்திருக்கிறது. நிற வேறுபாடு காட்டி மணம் மறுத்தவர்கள்பற்றி, 16ஆம் நூற்றாண்டிலேயே கெய்ரோவின் பெரிய ரபி தாவீத் பென் சிம்ராவிடம் கொச்சியிலிருந்து கேள்வி போனது; முறைப்படி முழுக்குச் செய்துவிட்டால் மணம் கொள்ளலாம் என்று அவர் தீர்ப்பளித்தார். மட்டாஞ்சேரியார் பல தலைமுறைகளுக்கு அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வழிகாட்டி சொன்ன ‘அசல்’ அப்படி மணம் மறுத்தே காப்பாற்றப்பட்டது. அந்த ஆய்வு கொச்சி யூதர்களிடம் இறுக்கமான அகமணத்தையும், அண்மைக்காலக் குறுகலையும், அதனால் கூடியிருக்கக்கூடிய மரபுநோய்களையும் குறித்துவைத்திருக்கிறது.

இதையெல்லாம் படித்துவிட்டு, பாவம் யூதர்கள், இவ்வளவு குறுகிய வட்டத்துக்குள் இருந்துவிட்டார்களே என்று நான் நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில் 2017இல் ஓர் ஆய்வு வெளியானது. தெற்காசியாவின் 263 சமூகங்களைப் பார்த்த அந்த ஆய்வில், 81 சமூகங்கள் அஷ்கெனாசிகளையும் ஃபின்லாந்துக்காரர்களையும்விடக் கடுமையான குறுகலைக் கடந்துவந்தவை. அவற்றில் 14 சமூகங்களின் இன்றைய மக்கள்தொகை 10 லட்சத்துக்கும் மேல். ஆந்திராவிலும் தமிழ்நாட்டிலும் வாழும் ஆரிய வைசியர்களை அது எடுத்துக்காட்டாகச் சொல்கிறது. அறுவைச் சிகிச்சையின்போது தசைகளைத் தளர்த்தக் கொடுக்கும் ஒரு மருந்தைச் சிதைக்கும் நொதி, மற்றவர்களைவிட அவர்களிடம் பல மடங்கு அதிகமானவர்களுக்குக் குறைவாக இருக்கிறது. சில நிமிடங்களில் அடங்க வேண்டிய மருந்து அந்தக் குறை உள்ளவர்களுக்கு மணிக்கணக்கில் நீடிக்கும்.

படித்த அன்று எனக்கு ஓர் இரவு நினைவுக்கு வந்தது. என் நண்பர் ஒருவரின் அண்ணனுக்கு, அந்தச் சமூகத்தவர், குடல்வால் அறுவை நடந்தது. முடிந்து நெடுநேரமாகியும் அவர் மூச்சைத் தானாக இழுக்கவில்லை. விடியும்வரை செயற்கைச் சுவாசக் கருவியில் வைத்திருந்தார்கள். வெளியே பெஞ்சில் நாங்கள் உட்கார்ந்திருந்தபோது, வயதான மயக்கமருந்து மருத்துவர் ஒருவர் வந்து, “நீங்கள் எந்தச் சமூகம்?” என்று நண்பரைத் தாழ்ந்த குரலில் கேட்டார். ஆஸ்பத்திரியிலுமா சாதி கேட்பீர்கள் என்று நண்பர் எழுந்து நின்றுவிட்டார். நானும் அவர் பக்கம்தான் நின்றேன். மருத்துவர் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார். காலையில் அண்ணன் கண்விழித்த பிறகு, திரும்பி வந்து, நண்பருக்கும் அவருடைய தங்கைக்கும் பிள்ளைகளுக்கும் எடுக்க வேண்டிய இரத்தப் பரிசோதனையின் பெயரை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.